வீட்டா கணக்கைத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்: சோனிக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
திரு. ஹிடெயாக்கி நிஷினோ, தலைவர், தலைமைச் செயல் அதிகாரி, சோனி இன்டராக்டிவ் என்டர்டெயின்மென்ட்
திரு. ஹெர்மன் ஹல்ஸ்ட், தலைமைச் செயல் அதிகாரி, ஸ்டுடியோ பிசினஸ் குரூப்

வணக்கம்.

உங்கள் வீட்டு கேம் கருவியான பிளேஸ்டேஷன் 5-ன் (பிஎஸ்5) கேம்களைக் கையில் வைத்தே ஆடக்கூடிய ஒரு கருவிக்கான வேலையை நீங்கள் தொடங்கியிருப்பதாக 2024 நவம்பரில் ப்ளூம்பெர்க் எழுதியது. நீங்கள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் பிஎஸ்5-க்கு வந்த அப்டேட்டில் ‘பவர் சேவர்’ என்று ஒரு வசதி நுழைந்தது. அதை ஆதரிக்கிற கேம்கள் தரத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு குறைந்த மின்சாரத்தில் ஓடும். சுவரில் செருகிய பெட்டிக்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? எங்களுக்கு அது கையடக்கக் கருவிக்கான ஒத்திகையாகத்தான் தெரிகிறது.

ஒத்திகையோடு ஒத்திகையாக, பழைய கணக்கு ஒன்றையும் எடுத்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். உங்கள் பழைய கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டா ஏன் தோற்றது என்று ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். ஸ்மார்ட்போன் வந்தது, மெமரி கார்டு விலை அதிகம், ஜப்பானில் கூட்டத்தை இழுத்த ‘மான்ஸ்டர் ஹன்டர்’ கேம் நின்டெண்டோ பக்கம் போய்விட்டது. எல்லாம் சரிதான். ஆனால் கருவி தடுமாறியபோது அடி யார் முதுகில் விழுந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கருவிக்கு விலைக்குறைப்பு கிடைத்தது, மெலிந்த புது மாடல் கிடைத்தது, டிவியில் செருகும் தம்பி கூடக் கிடைத்தது. அதற்கு முதலில் கேம் செய்து கொடுத்த ஸ்டுடியோக்களில் பலவற்றுக்கு அடுத்த வாய்ப்பு எதுவும் கிடைக்கவில்லை.

முதலில் எண்கள், சுருக்கமாக. 2011 டிசம்பர் 17-ல் ஜப்பானில் வீட்டா வந்தது. முதல் இரண்டு நாளில் மூன்று லட்சத்து இருபதாயிரம் கருவிகளுக்கு மேல் விற்றன. அடுத்த வாரமே அது எழுபதாயிரத்துச் சொச்சமாகச் சரிந்தது. 2012 பிப்ரவரி 22-ல் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனபோது விலை வைஃபை மாடலுக்கு 249 டாலர், 3ஜி மாடலுக்கு 299. அதற்கு ஆறு மாதம் முன்புதான் நின்டெண்டோ தன் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸின் விலையை 250-லிருந்து 170 டாலருக்கு வெட்டியிருந்தது. 2012 நிதியாண்டில் முந்தைய கையடக்கமான பிஎஸ்பி, வீட்டா இரண்டும் சேர்ந்து 1.6 கோடி விற்கும் என்று சோனி முதலில் கணித்தது. ஆகஸ்டில் அது 1.2 கோடியானது, நவம்பரில் 1 கோடி, அடுத்த பிப்ரவரியில் 70 லட்சம். வீட்டா தனியாக எத்தனை விற்றது என்று சொல்வதையே சோனி நிறுத்திவிட்டது. 2014 நிதியாண்டில் வீட்டா, வீட்டா டிவி பாகங்களின் இருப்புக்காக 1,120 கோடி யென்னை நஷ்டமாக எழுதித் தள்ளியது.

கருவியின் இழப்பு இப்படி ஏட்டில் ஒரு வரியாக முடிந்துவிடும். ஸ்டுடியோவின் இழப்பு எந்த வரியிலும் வராது.

பிக்பிக் ஸ்டுடியோஸை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் இருந்த சின்னக் குழு. வீட்டாவின் தொடுதிரை, பின்பக்கத் தொடுபலகை, கேமரா, மைக் எல்லாவற்றையும் காட்டிப் பெருமைப்பட ‘லிட்டில் டீவியன்ட்ஸ்’ என்ற கேமை அவர்கள்தான் செய்தார்கள். அது 2012 பிப்ரவரியில் கருவியோடு கடைக்கு வந்தது. ஸ்டுடியோவை மூடும் அறிவிப்பு ஜனவரியிலேயே வந்துவிட்டது. பந்தி போடும் முன்பே சமையல்காரரை வீட்டுக்கு அனுப்பிய கதை.

அமெரிக்காவின் ரெட்மண்டில் இருந்த ஸிப்பர் இன்டராக்டிவ் ‘யூனிட் 13’ஐ 2012 மார்ச் முதல் வாரத்தில் வெளியிட்டது, அதே மாதக் கடைசியில் மூடப்பட்டது. ‘வைப்அவுட் 2048’ செய்த ஸ்டுடியோ லிவர்பூல், 1984-ல் சிக்னோசிஸ் என்ற பெயரில் தொடங்கி முதல் பிளேஸ்டேஷனுக்கே முகம் கொடுத்த இடம். 2012 ஆகஸ்ட் 22-ல் கதவு சாத்தப்பட்டது. மேற்கில் வீட்டா வந்து சரியாக ஆறு மாதம்.

இந்த மூன்றையும் வீட்டாவின் தலையிலேயே கட்டிவிட முடியாது. ஸிப்பரின் முந்தைய கேமான ‘சோகாம் 4’ எதிர்பார்த்தபடி போகவில்லை, பிஎஸ்3 காலத்துச் செலவுகள் கழுத்தை நெரித்தன, பிஎஸ்4-க்கான பணத்தை எங்கிருந்தாவது ஒதுக்கியாக வேண்டியிருந்தது. ஆனால் புதிய கருவிக்கு முதல் நாள் கேம் செய்வது எப்படிப்பட்ட வேலை என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? கருவி வருவதற்கு இரண்டு, மூன்று ஆண்டு முன்பே வேலை தொடங்கிவிடும். இறுதி வடிவம் பெறாத டெவ்கிட் (கேம் செய்பவர்களுக்குத் தரும் கருவி), மாதாமாதம் மாறும் மென்பொருள் நூலகம், கடைசி நேரத்தில் கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும் மெமரி. இவ்வளவையும் தாங்கி முடித்தால், வாங்க ஆளே இல்லாத சந்தையில் கேம் இறங்குகிறது. முதல் நாளில் ஒரு கேம் அதிகபட்சம் எத்தனை பிரதி விற்க முடியும்? கருவி எத்தனை பேரிடம் இருக்கிறதோ அத்தனைதான். சோனியே அறிவித்தபடி 2012 பிப்ரவரி கடைசியில் உலகம் முழுக்க 12 லட்சம் வீட்டாக்கள்தான் விற்றிருந்தன. அதில் பத்தில் ஒருவர் வாங்கினாலும் 1,20,000 பிரதி. பெரிய குழுவின் இரண்டு வருடச் சம்பளத்துக்கு அது எந்த மூலைக்கு? முதல் நாள் கேமை விற்பனை எண்ணிக்கையை வைத்து எடைபோடுவதே தவறு. அது கருவியின் விளம்பரச் செலவு, அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். ஸ்டுடியோவின் கணக்கில் எழுதினால் ஒவ்வொரு முறையும் ஸ்டுடியோ தோற்றதாகவே காட்டும்.

திரு. ஹல்ஸ்ட் அவர்களே, அடுத்த பெயர் உங்களுக்கு நெருக்கமானது. நீங்கள் கெரில்லா கேம்ஸின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2012-ல் கேம்பிரிட்ஜ் ஸ்டுடியோ உங்கள் ஸ்டுடியோவின் பெயரை ஏற்று கெரில்லா கேம்பிரிட்ஜ் ஆனது. ‘கில்ஸோன் 3’ இன்ஜினை வீட்டாவுக்குள் இறக்கி, 2013 செப்டம்பரில் ‘கில்ஸோன்: மெர்செனரி’யைக் கொடுத்தார்கள். 512 எம்பி மெமரியில், 960-க்கு 544 திரையில் அப்படி ஒரு ஷூட்டர் ஓடும் என்று அதற்கு முன் யாரும் காட்டியதில்லை. கேம் நன்றாக இருந்தது, கருவி விற்கவில்லை. அடுத்து அதே குழுவுக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது? தலையில் மாட்டும் விஆர் கருவியான பிஎஸ்விஆரின் முதல் நாள் கேம், ‘ரிக்ஸ்’. 2016 அக்டோபரில் வெளியீடு, 2017 ஜனவரியில் மூடல். தொடர்ந்து இரண்டு முறை, இன்னும் ஆள் சேராத சந்தைக்கு அதே குழுவை அனுப்பிவிட்டு, ஆள் வரவில்லை என்று குழுவைக் கலைத்தால் என்ன நியாயம்?

இதில் இன்னொரு வேடிக்கை. லிவர்பூல் மூடப்பட்டதும் அங்கிருந்து வெளியேறியவர்கள் அதே ஊரில் ஃபயர்ஸ்ப்ரைட் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். 2021 செப்டம்பரில் சோனி அதை விலை கொடுத்து வாங்கியது. கொடுத்த பெரிய வேலை என்ன? 2023 பிப்ரவரியில் பிஎஸ்விஆர்2 வந்தபோது அதன் முதல் நாள் கேமான ‘ஹொரைசன்: கால் ஆஃப் த மவுன்டன்’, கெரில்லாவோடு சேர்ந்து. ஓராண்டு கழித்து, 2024 பிப்ரவரியில் சோனி ஏறத்தாழ 900 பேரை நீக்கியபோது ஃபயர்ஸ்ப்ரைட்டிலும் ஆட்குறைப்பு. முதல் பிஎஸ்விஆருக்கு ‘பிளட் அண்ட் ட்ரூத்’ செய்த லண்டன் ஸ்டுடியோ முழுவதுமாக மூடல். கருவியின் பெயரை மாற்றிப் போட்டால் 2012-ன் செய்தித்தாளை அப்படியே படிக்கலாம்.

மூடப்படாத ஸ்டுடியோக்கள் இழந்தது காலம். அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் இருக்கும் பெண்ட் ஸ்டுடியோ பிஎஸ்பியில் கைதேர்ந்த குழு. வீட்டாவின் முதல் நாள் நாயகனாக ‘அன்சார்ட்டட்: கோல்டன் அபிஸ்’ அவர்களிடம் போனது. 2012 கடைசியில் ஒரு சின்னச் சீட்டு கேம். அதன்பின் அவர்களுடைய அடுத்த பெரிய கேம் ‘டேஸ் கான்’, 2019 ஏப்ரலில். கையடக்கக் கருவிக்குப் பழகிய குழு, திறந்த உலக பிஎஸ்4 கேமுக்குத் தன்னை மாற்றிக்கொள்ள ஏழு ஆண்டு. இன்ஜின் வேறு, குழுவின் அளவு வேறு, ஒரு காட்சிக்கு ஆகும் செலவே வேறு. அந்த ஏழு ஆண்டில் கற்றதை வைத்து அடுத்ததைச் செய்வார்கள் என்று பார்த்தால், 2025 ஜனவரியில் அவர்கள் செய்துகொண்டிருந்த லைவ் சர்வீஸ் (வெளிவந்த பின்னும் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ஆன்லைன்) கேம் நிறுத்தப்பட்டது, ஜூனில் ஆட்குறைப்பு.

கோல்டன் அபிஸைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் வியூகம் கேமுக்குள் எப்படி இறங்கியது என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும். ஓர் இடத்தில் பழைய தாள் ஒன்று கிடைக்கும். அதில் மறைந்திருக்கும் எழுத்தைப் படிக்க, வீட்டாவின் பின்பக்கக் கேமராவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். நிஜமான வெளிச்சம், உங்கள் அறையில் இருக்கும் விளக்கு. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் ஆடுபவர் எழுந்து போய் ஸ்விட்சைப் போட வேண்டும். இன்னோர் இடத்தில் கல்வெட்டின் மேல் விரலால் தேய்த்துக் கரிப்படி எடுக்க வேண்டும், கிடைத்த பொருளின் அழுக்கைத் தேய்த்துத் துடைக்க வேண்டும், மரக்கட்டையில் நடக்கும்போது கருவியையே சாய்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு டிசைனரின், ஒரு புரோகிராமரின் வாரக்கணக்கான உழைப்பு. இதனால் கேம் ஒரு துளியும் மேம்படவில்லை. கருவியின் பெட்டியில் எழுதியிருக்கும் வசதிகளுக்கு வேலை கொடுத்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

2013 நவம்பரில் ஜப்பானில் வீட்டா டிவி வந்தது. கேமரா இல்லை, தொடுதிரை இல்லை. விளைவு, வீட்டாவின் மிகப்பெரிய சொந்தக் கேமான கோல்டன் அபிஸ் அதில் ஓடவே ஓடாது. விரல்நுனியைத் திரைக்குள் நுழைப்பதையே மையமாக வைத்து மீடியா மாலிக்யூல் செய்த ‘டேரவே’யும் ஓடாது. அதையாவது 2015-ல் பிஎஸ்4-க்காகப் பெருமளவு திருத்திச் செய்தார்கள். கோல்டன் அபிஸுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை; நேதன் டிரேக்கின் கேம்களைச் சேர்த்து 2015-ல் போட்ட தொகுப்பில் அதற்கு இடமில்லை. கருவிக்கென்றே வடிவமைத்த விளையாட்டு, கருவி போனதும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. அடுத்த கருவியில் புதுமையான சென்சார் எது இருந்தாலும் இருக்கட்டும். அதை உங்கள் ஸ்டுடியோக்கள் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

மெமரி கார்டைப் பற்றி எல்லோரும் திட்டிவிட்டார்கள், நாங்களும் திட்டுவோம், ஆனால் வேறு காரணத்துக்காக. 4 ஜிபி 20 டாலர், 32 ஜிபி 100 டாலர். அதே அளவு மைக்ரோஎஸ்டி கார்டு பாதி விலைக்கும் கீழே கிடைத்தது. வாங்கியவருக்கு எரிச்சல் என்பதோடு இது நிற்கவில்லை. 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர் மூன்று ஜிபியைத் தாண்டும் கேம் இரண்டைப் போட்டால் இடம் முடிந்தது. மூன்றாவதை வாங்க வேண்டுமென்றால் ஒன்றை அழிக்க வேண்டும். அழித்தால் திரும்ப இறக்க வேண்டும், அல்லது கம்ப்யூட்டரில் உங்கள் கன்டென்ட் மேனேஜர் மென்பொருளை நிறுவிக் கேபிள் போட்டு நகர்த்த வேண்டும். பெரும்பாலானோர் மூன்றாவதை வாங்கவே இல்லை. டிஜிட்டல் விற்பனைக்கு நீங்களே உச்சவரம்பு போட்டுவிட்டீர்கள். அந்த வரம்பில் முதலில் அடிபட்டது பெரிய கோப்புகளாக வந்த உங்கள் சொந்த ஸ்டுடியோ கேம்கள். சின்னக் கோப்புகளாக வந்த ‘ஹாட்லைன் மயாமி’, ‘ஒல்லிஒல்லி’, ‘ஸ்பெலங்கி’ போன்ற இண்டி கேம்கள் (சின்னக் குழுக்கள் சொந்தமாகச் செய்தவை) வீட்டாவில் செழித்ததற்கு ஐரோப்பாவில் சோனியின் ஷாஹித் அகமது போன்றவர்களின் உழைப்பு முதல் காரணம். கார்டில் மிச்சமிருந்த இடத்துக்குள் அவை அடங்கின என்பதும் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

கள்ளப் பிரதி பயம்தான் தனிக் கார்டுக்குக் காரணம் என்றால், அதுவும் பலிக்கவில்லை. 2016-ல் வீட்டாவின் பாதுகாப்புப் பூட்டு உடைந்தது. அதன்பின் கேம் கார்டு செருகும் துளையிலேயே மைக்ரோஎஸ்டியைப் போடும் மலிவான அடாப்டர் சந்தைக்கு வந்தது. கருவியை உடைத்தவர்களில் பலர் இலவசக் கேமுக்காக மட்டும் உடைக்கவில்லை, இடத்துக்காகவும் உடைத்தார்கள். பிஎஸ்5-ல் 2021 செப்டம்பரிலிருந்து கடையில் கிடைக்கும் எந்தத் தகுதியான எம்.2 எஸ்எஸ்டி சேமிப்புக் கருவியையும் போட அனுமதித்தீர்கள். பாடம் படித்தாகிவிட்டது. கையடக்கத்துக்கு வரும்போது மறந்துவிடாதீர்கள்.

ஜப்பானில் கதை வேறு மாதிரி போனது. 2010 டிசம்பரில் பிஎஸ்பியில் வந்த ‘மான்ஸ்டர் ஹன்டர் போர்ட்டபிள் 3ர்ட்’ அங்கே 45 லட்சத்துக்கு மேல் விற்றது. 2011 செப்டம்பரில், வீட்டா வருவதற்கு மூன்று மாதம் முன், ‘மான்ஸ்டர் ஹன்டர் 4’ 3டிஎஸ்ஸுக்கு என்று அதைத் தயாரிக்கும் கேப்காம் அறிவித்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப சோனி தானே வேட்டை கேம்களுக்குப் பணம் போட்டது: ‘சோல் சாக்ரிஃபைஸ்’ 2013-ல், ‘ஃப்ரீடம் வார்ஸ்’ 2014-ல். இரண்டுமே மோசமில்லை, முதலாவது நிஜமாகவே துணிச்சலான கேம். ஆனால் நாலு நண்பர்கள் கூடி ஆடும் பழக்கம் ஏற்கெனவே 3டிஎஸ் பக்கம் போயிருந்தது. ஜப்பான் ஸ்டுடியோவின் ‘கிராவிட்டி ரஷ்’ வீட்டாவில் பிறந்தது, அதன் இரண்டாம் பாகம் 2017 ஜனவரியில் பிஎஸ்4-க்கு மட்டும் வந்தது. 2015 அக்டோபரில் சோனியின் உயர் அதிகாரி மசாயாசு இட்டோ, வீட்டாவுக்கு உள் ஸ்டுடியோக்களில் எந்தக் கேமும் தயாரிப்பில் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 2016-ல் பிளேஸ்டேஷன் தலைமையகம் கலிஃபோர்னியாவுக்குப் போனது. 2021 ஏப்ரலில் ஜப்பான் ஸ்டுடியோ கலைக்கப்பட்டு அதன் ஒரு குழுவான டீம் அசோபி மட்டும் மிஞ்சியது. கையடக்கச் சந்தையைக் கைவிட்டதும், அந்தச் சந்தைக்கே பழகிய நடுத்தர அளவு ஜப்பானியக் கேம்களைச் செய்யும் திறமையும் சோனிக்குள்ளிருந்து வெளியேறிவிட்டது. வீட்டாவில் கூடுகட்டிய கதை நாவல் கேம்களும் ஆர்பிஜிகளும் (பாத்திரமேற்று ஆடும் கேம்கள்) அப்படியே நின்டெண்டோவின் ஸ்விட்சுக்குக் குடிபெயர்ந்தன.

அதே காலத்தில் நின்டெண்டோ என்ன செய்தது என்று பாருங்கள். அதன் வீட்டுக் கருவியான வீ யூ உலகம் முழுக்க 1.36 கோடிதான் விற்றது. தோல்வியில் வீட்டாவுக்கு அண்ணன். ஆனால் 2013-லேயே கையடக்கக் கருவிக்கும் வீட்டுக் கருவிக்கும் தனித்தனியாக இருந்த வன்பொருள் பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். 2015-ல் இரண்டு பெரிய மென்பொருள் பிரிவுகளையும் இணைத்து ஒன்றாக்கினார்கள். 2017 மார்ச்சில் ஸ்விட்ச் வந்த பிறகு குழுக்கள் மெல்ல ஒரே கருவியை நோக்கித் திரும்பின. வீ யூவில் யாரும் வாங்காத கேம்கள்கூட ஸ்விட்சில் மறுபிறவி எடுத்தன, ஏனென்றால் செய்த குழுக்கள் அங்கேயே இருந்தன. தோல்வி இருவருக்கும் வந்தது. ஒருவர் குழுவைக் காப்பாற்றிக் கருவியை மாற்றினார்.

சரி, இனி செய்ய வேண்டியது.

கையடக்கக் கருவிக்கென்று தனி கேம் வேண்டாம், தனி ஸ்டுடியோவும் வேண்டாம். ஒரே கேம், ஒரே லைசென்ஸ், இரண்டு அளவு அமைப்புகள். சொல்வது எளிது, எங்கே இடிக்கும் என்றும் தெரியும். பிஎஸ்5 கேம் ஆடும்போது ஏறத்தாழ 200 வாட் எடுக்கிறது. வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கின் சிப்புக்கு உச்சமே 15 வாட். திரை, வைஃபை எல்லாம் சேர்த்து 20 வாட் என்று வைத்தால் அதன் முதல் மாடலின் 40 வாட்-மணி பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். ஆக, கிராஃபிக்ஸைக் குறைத்தே ஆக வேண்டும். அது பெரிய விஷயமில்லை, ரெசல்யூஷனை இறக்கலாம், 30 ஃப்ரேமில் பூட்டலாம். உண்மையான முட்டுக்கட்டை மெமரி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸைப் பாருங்கள்: சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி, இதில் 10. ‘பால்டர்ஸ் கேட் 3’ அந்த 10 ஜிபிக்குள் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியை அடக்க முடியாமல் தாமதமாகி, 2023 டிசம்பரில் சீரிஸ் எஸ்ஸில் மட்டும் அந்த வசதி இல்லாமல் வந்தது. ரெசல்யூஷனைக் குறைத்தால் டெக்ஸ்சரும் ரெண்டர் பஃபரும் சுருங்கும். விளையாட்டின் உலக நிலை, எதிரிகளின் ஏஐ, அனிமேஷன், ஒலி ஆகியவை சுருங்காது. பிஎஸ்5-ல் இருப்பது 16 ஜிபி. கையடக்கத்தில் அதைவிடக் குறைத்தால், மிச்சம் பிடித்த ஒவ்வொரு ஜிபியின் விலையையும் உங்கள் ஸ்டுடியோக்கள் மாதக்கணக்கில் கட்டும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் திரையில் குறையுங்கள், மெமரியில் கை வைக்காதீர்கள்.

இரண்டு கருவியிலும் எல்லா வசதியும் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியை முதல் நாளே தளர்த்திவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கடைசியில் செய்ததை நீங்கள் முன்கூட்டியே செய்யலாம்.

சோதனையைக் கடைசி மூன்று மாதத்துக்குத் தள்ளாமல், ஆடக்கூடிய முதல் பில்டிலிருந்தே சின்னத் திரையில் ஓட்டச் சொல்லுங்கள். எழுத்து அளவு மாதிரி அற்ப விஷயம்தான் கடைசியில் காலை வாரும். 1280-க்கு 800 திரையில் எந்த எழுத்தும் 9 பிக்சல் உயரத்துக்குக் கீழே போகக் கூடாது என்று வால்வ் விதி வைத்திருக்கிறது. உங்கள் டிவி கேம்களின் மெனுவை அந்தத் திரையில் போட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் தேறாது என்பது எங்கள் கணிப்பு. பின்னால் மாற்றினால் எழுத்து மட்டும் மாறாது, பெட்டி உடையும், மொழிபெயர்ப்பு வரி மடங்கும், ஜெர்மன் வாக்கியம் பட்டனைத் தாண்டி வெளியே தொங்கும்.

சேவ் கோப்பு விஷயத்தில் வீட்டா பட்ட பாடு போதும். அன்று பல கேம்களில் பிஎஸ்3-ல் மெனுவுக்குள் போய் ‘அப்லோட்’ அழுத்தி, வீட்டாவில் ‘டவுன்லோட்’ அழுத்த வேண்டும். மறந்தால் பழைய இடத்திலிருந்து ஆட வேண்டியதுதான். புதிய கருவியில் இணையம் இல்லாமல் பேருந்தில் ஆடிய சேவும், வீட்டில் தம்பி ஆடிய சேவும் மோதும்போது இரண்டையும் தேதி, ஆட்ட நேரத்தோடு காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். தோற்றதை அழிக்காமல் ஒரு மாதமாவது வைத்திருங்கள். இதைச் சிஸ்டமே செய்ய வேண்டும், ஒவ்வொரு ஸ்டுடியோவும் தனித்தனியாக எழுதும்படி விடக் கூடாது. கருவியைத் தூங்கவைத்து எழுப்பும்போது ஆன்லைன் இணைப்பு அறுந்தால் கேம் கவிழாமல் இருக்க வேண்டும் என்பதையும் சான்றளிப்பு விதியிலேயே சேருங்கள்.

பிஎஸ்5-ல் ஓடும் கேமை வைஃபை வழியாகக் கையில் காட்டும் பிளேஸ்டேஷன் போர்ட்டல் இருக்கிறதே என்பீர்கள். 2023 நவம்பரில் 200 டாலருக்கு வந்த அந்தக் கருவியின் பெரிய நல்ல குணம், அதற்காக எந்த ஸ்டுடியோவும் ஒரு வரி கோட் கூட எழுத வேண்டியதில்லை என்பது. ஆனால் அதில் எதுவும் தானாக ஓடாது. கிளவுட் வழியாக ஆட பிளேஸ்டேஷன் பிளஸ்ஸின் பிரீமியம் சந்தா வேண்டும். இந்தியாவில் அந்தப் படியே இல்லை, டீலக்ஸோடு நிற்கிறது. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ போர்ட்டல் வாங்கியவருக்கு, வீட்டில் பிஎஸ்5 ஓடிக்கொண்டிருந்தால்தான் கையில் கேம். கரன்ட் போனால் இரண்டும் போச்சு.

ஸ்டுடியோக்கள் பற்றிக் கேட்பது மூன்றே விஷயம். முதல் நாள் கேம் செய்யும் குழுவுக்கு, அந்தக் கேம் வெளிவரும் முன்பே அடுத்த கேமுக்கு ஒப்புதல் கொடுத்துவிடுங்கள். அந்த இரண்டாவது கேம் பிஎஸ்5-க்கோ அதன் வாரிசுக்கோ இருக்கட்டும். புதிய கருவிக்கு ஒருமுறை போய்வந்த குழுவை அடுத்த புதிய கருவிக்கும் அனுப்பாதீர்கள். வெளியாட்களிடம் கொடுக்கும் பெரிய பெயர்களுக்கும் இது பொருந்தும்: 2012-ல் ‘ரெசிஸ்டன்ஸ்: பர்னிங் ஸ்கைஸ்’, ‘கால் ஆஃப் டியூட்டி: டீகிளாசிஃபைட்’ என்று இரண்டு ஷூட்டர்களை ஒரே ஆண்டில் வெளிக்கொண்டு வந்தது நிஹிலிஸ்டிக் என்ற ஒரே ஸ்டுடியோ. இரண்டும் விமர்சகர்களிடம் அடி வாங்கின, அதே ஆண்டிலேயே அந்த ஸ்டுடியோ கன்சோல் கேம் தொழிலை விட்டுப் போனது. வீட்டாவில் ‘ஷூட்டர் எடுபடாது’ என்ற பேச்சும் அப்போது கிளம்பியதுதான். அடுத்த ஆண்டு மெர்செனரி வந்து அது பொய் என்று காட்டியபோது கேட்க யாரும் இல்லை.

கடைசியாக, பழைய வீட்டாவை வைத்திருப்பவர்களுக்கு இன்றே செய்யக்கூடிய ஒன்று. 2021 மார்ச்சில் பிஎஸ்3, வீட்டா கடைகளை மூடப்போவதாக அறிவித்தீர்கள், எதிர்ப்பு வந்ததும் ஏப்ரலில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றீர்கள், நன்றி. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 27 முதல் வீட்டாவில் கார்டு, பேபால் எதுவும் செல்லாது. வேறு கருவியிலோ இணையத்திலோ வாலட்டில் பணம் போட்டுவிட்டு வீட்டாவுக்கு வர வேண்டும். இணையக் கடையில் வீட்டா கேம்கள் கண்ணுக்கே தெரியாது, 2020 அக்டோபரிலேயே எடுத்துவிட்டீர்கள். மெர்செனரி, சோல் சாக்ரிஃபைஸ், கோல்டன் அபிஸ், யூனிட் 13 ஆகிய நான்கும் இன்றும் வீட்டாவைத் தவிர வேறு எந்தக் கருவியிலும் இல்லை. பிஎஸ்1, பிஎஸ்பி கேம்களுக்கு பிஎஸ்5-ல் எமுலேட்டர் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்) செய்திருக்கிறீர்கள், வீட்டாவுக்கும் செய்யுங்கள். பின்பக்கத் தொடுபலகைக்கு பிஎஸ்5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸின் தொடுபலகை ஓரளவு ஈடுகொடுக்கும், சாய்ப்பதற்கு அதிலேயே ஜைரோ இருக்கிறது. அந்த விளக்குப் புதிருக்கு மட்டும் ஒரு ‘தவிர்’ பட்டன் போட்டால் போதும்.

இப்படிக்கு,
தமிழில் கேம்களைப் பற்றி எழுதியும் பேசியும் வரும் சிலர்